இடது கைப் பெருவிரல்

மூன்றாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

அருள்முருகன் சார் கணினித் திரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"நல்லா அழுத்தி வைங்கம்மா."

அழுத்தினேன். இடது கைப் பெருவிரலின் நுனியில் இருந்த வெடிப்பு வாய் திறந்து, கருவியின் கண்ணாடி மேல் ஒரு பொட்டு இரத்தம் ஒட்டிக்கொண்டது. அவர் முகம் சுளித்தபடி ஒரு டிஷ்யூ காகிதத்தை நீட்டினார். என் விரலுக்கு என்று நினைத்துக் கையை நீட்டினேன். மெஷினைத் துடைக்கச் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டர் வேலை. எட்டு மாதத்துக்கு முன் பரீட்சை எழுதினேன். பரீட்சை ஹாலில் நுழையும்போதே இடது பெருவிரலை மெஷினில் வாங்கிக்கொண்டார்கள். வருகைத்தாளில் மையிலும் ஒரு தடவை ஒற்றி எடுத்தார்கள். பட்டியலில் என் பெயர் வந்தது, இன்றைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. பள்ளிச் சான்றிதழ் சரி, குடியிருப்புச் சான்றிதழ் சரி, வயது சரி. 'ஆனந்தமேரி' என்ற எழுத்துகூட எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. விரல் மட்டும்தான் சேரவில்லை.

"பரீட்சை எழுதினது நீங்கதானா?" என்றார்.

"நான்தான் சார்."

"மெஷின் இல்லைங்குதே."

"மெஷினா சார் பரீட்சை எழுதிச்சி? நான்தான் எழுதினேன்."

என் வாய் எப்போதும் இப்படித்தான், ஆகாத நேரத்தில் முந்திக்கொள்ளும். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அதே பரீட்சையில் இரண்டு பேர் தங்களுக்குப் பதிலாக வேறு ஆளை உட்கார வைத்து எழுதி மாட்டியிருந்தார்கள். அதன் பிறகு எல்லா மேசைக்கும் கடுமையான உத்தரவு வந்திருந்தது.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்தரை மணிக்கு வாங்க. போலீஸ்லேருந்து கைரேகை எக்ஸ்பர்ட் வருவாரு. அதான் கடைசி. அப்பவும் சேரலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வேலை போறது மட்டும் இல்லம்மா, ஆள்மாறாட்டம்னு ஃபைல் ஸ்டேஷனுக்குப் போயிடும்."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நடுவில் எட்டு நாள் இருந்தது. எனக்கு வயது முப்பத்தொன்பது, இந்த வேலைக்கு வரம்பு நாற்பது. அடுத்த அறிவிப்பு எப்போது வருமென்று அறிவிக்கிறவர்களுக்கே தெரியாது.

வெளியே வேப்பமரத்தடியில் என் வீட்டுக்காரர் கிளாட்வின் டெம்போவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் "என்னாச்சு ஆனந்தி?" என்றார்.

"நான் நான் இல்லியாம்," என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

*

ஏப்ரல் வரைக்கும் என் கை நன்றாகத்தான் இருந்தது. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆள் குறைத்தார்கள். சுஃப்ரேன் வீதிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் துணி வெளுக்கும் இடத்தில் சேர்ந்தேன். முன்வாசலில் காகிதப்பூ, மஞ்சள் சுவர், படம் பிடிக்க வரும் கூட்டம். பின்பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர், நாலு தொட்டி, பிளீச்சிங் தண்ணீர். வெள்ளை விரிப்பு வெள்ளையாகவே இருக்க வேண்டும், ஒரு காபிக்கறை தெரியக்கூடாது. ரப்பர் கையுறை இரண்டாவது நாளே கிழிந்தது. கிழிந்த கையுறைக்குள் தண்ணீர் புகுந்து நிற்பதற்கு வெறுங்கையே மேல் என்று கழற்றி எறிந்தேன். அது என் முட்டாள்தனம்.

முதலில் தோல் வெளுத்தது. பிறகு விறைத்தது. பிறகு விரல் மடங்கும் இடமெல்லாம் வெடித்தது. இரண்டு மாதத்தில் உள்ளங்கை உப்புத்தாளாகிவிட்டது. நைலக்ஸ் புடவையைத் தொட்டால் நூல் சிக்கிக்கொண்டு வரும். ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வலியைப் பொறுத்துக்கொண்டேன். ரேகை போகிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கையை யார் அப்படிப் பார்க்கிறார்கள்?

அன்று சாயங்காலத்துக்குள் உழவர்கரையில் எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கை வெடிப்புக்கு மருந்து தெரியாதவர் எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தி கற்றாழை கொண்டு வந்தாள். ஒருத்தி பாலாடை தடவச் சொன்னாள். எலுமிச்சம்பழத்தில் சர்க்கரையைத் தொட்டுத் தேய்க்கச் சொன்ன புண்ணியவதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நின்று என்னோடு வெளுக்கும் சுலோசனாக்கா, வேலை முடிந்து அரியாங்குப்பம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு சின்ன டப்பாவை என் மடியில் வைத்தாள்.

"குங்கிலிய வெண்ணெய். நாட்டு மருந்துக் கடையில வாங்கினேன். வெடிப்புல வச்சி அடை. எரியாது."

"உனக்கும் கை இப்படித்தானக்கா இருக்கு?"

"எனக்கு எந்த மெஷினுடி காத்துக்கிட்டு கெடக்கு?" என்றாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் நிர்மலாதேவி என் இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்கள் மாதிரி "ஐயோ" என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாதி தெம்பு.

"முழுசா ஆறணும்னா ஆறு வாரம் ஆகும்."

"எனக்கு எட்டு நாள்தான் டாக்டர்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். பிளீச்சிங் பக்கமே போகக்கூடாது. தண்ணீரில் கை வைப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கழுவினால், ஈரம் காய்வதற்குள் வாசலின் அப்பிவிட வேண்டும். காலையும் இரவும் அவர் தரும் களிம்பு. தூங்கும்போது பருத்திக் கையுறை. வெடிப்புக்கு மேல் மட்டும் குங்கிலிய வெண்ணெய் வைத்துக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

"வியாழக்கிழமை காலைல ஒண்ணுமே போடாதீங்க. எண்ணெய்ப் பசை இருந்தா மெஷின் எடுக்காது. கை ஊறியிருந்தாலும் எடுக்காது. காய்ஞ்ச கையோட போங்க. வேற யாரு எது குடுத்தாலும் தடவாதீங்க."

அங்கிருந்து நேராகக் கெஸ்ட் ஹவுஸுக்குப் போய் சூப்பர்வைசர் வெற்றிவேலிடம் எட்டு நாள் லீவு கேட்டேன்.

"லாங் வீக்எண்ட் வருது. எல்லா ரூமும் புக்காயிடுச்சி. இப்போ போனீங்கன்னா வேற ஆள் போட்டுடுவேன்க்கா," என்றான்.

"போட்டுக்கோ," என்றேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருந்த வேலையும் போனது. வரப்போகும் வேலை ஒரு பெருவிரலின் நுனியில் நின்றது.

*

எட்டு நாள் நான் ராணி மாதிரி இருந்தேன். அப்படி ஓர் அவஸ்தை எந்த ராணிக்கும் வேண்டாம். கிளாட்வின் சமைத்தார், பாத்திரம் துலக்கினார், மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னல் காதுக்கு மேலே ஆரம்பித்து எங்கேயோ முடிந்தது. தினம் காலை எழுந்ததும் கையுறையைக் கழற்றச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடித்து என் பெருவிரலைப் பார்ப்பார்.

"தெரியுதா?"

"இருங்க, கண்ணுல அடிக்காதீங்க."

முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. வெள்ளையாகப் பொறுக்கு, நடுவில் சிவப்பாக வெடிப்பு. சனிக்கிழமை வெடிப்பின் விளிம்பு மெத்தென்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளாட்வின் "ஏய், இங்க பாரு" என்று கத்தினார். விரலின் ஓரத்தில், நகத்துக்குக் கிட்டே, மெல்லிசாக நாலைந்து கோடு வளைந்து போனது. அவற்றை எண்ணி எண்ணிப் பார்த்தேன். பூசைக்குப் போய் வந்த பிறகும் அவை இருந்தன.

அன்று மத்தியானம் மெரின் அண்ணி வந்தாள். கிளாட்வினுக்கு அக்கா. அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்த சொல்தா. இருபத்தைந்து வருஷமாகப் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி நிறையச் சாமானோடு வருவாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சோப்பு, ஆளுக்கொரு டியூப். நல்ல மனசு. ஆனால் பிரான்சிலிருந்து வந்தது எதுவும் கெடுதல் செய்யாது என்பது அவளுக்கு விசுவாசப் பிரமாணத்தோடு சேர்ந்தது.

"நீ இந்த நாட்டு மருந்தெல்லாம் வச்சிக்கிட்டு உக்காந்திரு. இது பொமாத், பிரான்சுக் களிம்பு. ரெண்டு நாள்ல தோலு பட்டு மாதிரி ஆயிடும்," என்று நீல நிற டியூப் ஒன்றைக் கையில் திணித்தாள்.

"வேற எதுவும் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அண்ணி."

"அந்த டாக்டருக்கு இது கெடைச்சா அவளும் இதத்தான் குடுப்பா."

கிளாட்வின் டியூபை வாங்கிப் படித்தார். அவருக்குப் பிரெஞ்சு அவ்வளவு தூரம் தெரியாது. ஆனால் அவருடைய அப்பாவும் சொல்தா என்பதால் தெரியாது என்று சொல்லவும் மாட்டார். எழுத்துக் கூட்டி "தோலுக்குன்னுதான் போட்டிருக்கு" என்றார்.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. போட்டது நான். நாலு கோடு தெரிந்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. இன்னும் நாலு நாள் இருக்கிறது, நாலு கோடு நாற்பதாகட்டும் என்று பத்து விரலிலும் தாராளமாகத் தடவி, கையுறையை மாட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் எரிய ஆரம்பித்தது. மருந்து வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். சாயங்காலம் தாங்க முடியாமல் கையுறையைக் கழற்றினேன். உள்ளே தோல் ஈரக் காகிதம் போல் சுருண்டு வந்தது. பெருவிரல் நுனியில் ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. காலையில் நான் எண்ணிய கோடு ஒன்றுகூட அங்கே இல்லை.

மெரின் அண்ணி பதறிப்போய்ப் பாரீசில் இருக்கும் தன் மகள் அஞ்சலிக்கு வீடியோ கால் போட்டாள். டியூபைக் கேமரா முன் காட்டினாள். அஞ்சலி முதலில் சிரித்துவிட்டாள்.

"மம்மா, இது காலுக்கு! 'பியே'ன்னு எவ்ளோ பெருசா போட்டிருக்கு. குதிகால் தடிப்ப உரிச்சி எடுக்கறதுக்கு. கையில போட்டா..." என்றவள் என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஐயோ அத்தே."

இருபத்தைந்து வருஷம் பாரீசில் சமையலறையிலேயே நின்ற அண்ணிக்கு டியூபைப் படிக்க வராது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கலர் நல்லாருக்குன்னு வாங்கிட்டு வந்தேன் ஆனந்தி," என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்தவள் சும்மா இருந்துவிட்டேன். திட்டாமல் விட்டது எனக்கே ஆச்சரியம்.

திட்டு எனக்குத்தான் கிடைத்தது, திங்கட்கிழமை, டாக்டரிடமிருந்து. எல்லாவற்றையும் நிறுத்து, வாசலின் மட்டும் போடு என்றார். "அடியில வர்றது புதுத்தோல். அதுல ரேகை இருக்கும், ஆனா ரொம்ப மெல்லிசா இருக்கும். வியாழக்கிழமைக்குள்ள மெஷின் எடுக்குமான்னு என்னால சொல்ல முடியாது," என்றார். பொய்யாகவாவது எடுக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

*

வியாழக்கிழமை காலை கையில் ஒன்றும் போடவில்லை. காய்ந்த கையோடு, ஒன்பது மணிக்கு மாதாவின் சம்பா கோவிலுக்குப் போனோம். ஒரு காரியத்துக்குப் போகும் முன் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். கதவருகே தீர்த்தத் தொட்டியில், பழக்க தோஷத்தில், விரலை நனைக்கப் போனேன். கிளாட்வின் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"தண்ணி வேணாம்!"

பக்கத்தில் முட்டி போட்டிருந்த அம்மாள் எங்களை முறைத்தாள். கிளாட்வின் தன் விரலை நனைத்து என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். கல்யாணம் ஆன பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

மாதா முன்னால் மெழுகுவத்தித் தட்டில் நிறைய எரிந்துகொண்டிருந்தது. என்னுடையதைக் குத்தி நிற்க வைத்தேன். பக்கத்தில் யாரோ வைத்த மெழுகுவத்தி சாய்ந்து விழப் பார்த்தது. யோசிக்காமல் இடது கையால் தாங்கினேன். உருகி நின்ற மெழுகு அத்தனையும் என் பெருவிரல் மேல் கொட்டியது.

நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் மறுபடியும் முறைத்தாள். எட்டு நாள் பஞ்சில் வைத்துக் காப்பாற்றிய விரல், போக வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெந்தது. வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, இறுகிப்போன மெழுகை மெதுவாக உரித்தேன். ஒரு சின்னத் தொப்பி மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. எறியப் போனவள் வெயிலில் அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

கோடுகள். நடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக நெருக்கிப் போட்ட கோடுகள். குறுக்கே இரண்டு இடத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. ஆனால் கோடுகள் வெடிப்புக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் தொடர்ந்து போயின.

"என்னங்க, இருக்குங்க!" என்றேன்.

கிளாட்வின் வாங்கிப் பார்த்தார். விரலைப் பார்த்தார், அதில் ஒன்றும் தெரியவில்லை. மெழுகைப் பார்த்தார். "பத்திரமா வச்சிக்க. மெஷின் இல்லன்னு சொன்னா இதக் காட்டு," என்றார். அந்த மெழுகைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு தப்பும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மாதா கொடுத்த சாட்சி என்றுதான் நினைத்தோம்.

*

அருள்முருகன் சாரின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவரை எக்ஸ்பர்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கிரி என்று பெயர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்குமாம். மடியில் ஒரு பழைய தோல்பை வைத்திருந்தார். வணக்கம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்.

மெஷினில் வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. அருள்முருகன் சார் என் விரலை அவரே பிடித்து வைத்தார். சிவப்பு.

பக்கிரி மைத்தட்டை எடுத்து, என் பெருவிரலில் மை தடவி, காகிதத்தில் உருட்டி எடுத்தார். கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது. நடுவில் வெடிப்பு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மூன்று தடவை எடுத்தார், மூன்றும் அப்படித்தான் வந்தன. பைக்குள்ளிருந்து லென்ஸை எடுத்து வைத்து, வெகு நேரம் குனிந்து பார்த்தார்.

"புதுத்தோலு. மை அடைச்சிக்குது. ரேகை இல்லன்னு எழுத முடியாது. ஒத்துப்போவுதுன்னும் எழுத முடியாது," என்றார்.

"அப்போ ஒத்துப்போகலன்னுதான சார் நான் போட்டாவணும்?" என்று அருள்முருகன் சார் ஃபைலைத் திறந்தார்.

பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டதும் மேசைப் பக்கம் குனிந்தேன். "சார், ஒரு நிமிஷம் சார். ரேகை இருக்கு சார்," என்று பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, அந்த மெழுகை மேசை மேல் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார்.

"இது என்னதும்மா? டூப்ளிகேட்டா? யாரோட வெரல் இது?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆள்மாறாட்டம் என்று சந்தேகப்பட்டு உட்கார வைத்திருக்கும் மேசையில், நானே ஒரு பெருவிரலின் அச்சைப் பையில் எடுத்து வந்து வைத்திருக்கிறேன். கோவில், மெழுகுவத்தி, சாய்ந்தது, கொட்டியது என்று நான் சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரி கேட்டது. அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"மெஷின ஏமாத்தறதுக்கு இப்படித்தான் மெழுகுல எடுக்கறாங்கன்னு எங்களுக்கு கிளாஸே எடுத்திருக்காங்க. நீங்க பாட்டுக்கு என் மேசையிலயே கொண்டாந்து வக்கிறீங்க."

"ஏமாத்த வந்தவ எதுக்கு சார் உங்க கையில எடுத்துக் குடுக்கறா? எனக்கு அவ்ளோ கூடவா அறிவு இல்ல?" என்று கத்தினேன். அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டிக்கொண்டிருந்த சின்னப்பாப்பா என்ற அம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

பக்கிரி இதற்கெல்லாம் அசையவில்லை. மெழுகை இரண்டு விரலால் எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு கைக்குட்டை மேல் திருப்பி வைத்தார்.

"நல்லா விழுந்திருக்கு. ஆனா இத நான் எடுத்துக்க முடியாதும்மா. யாரு வெரல்ல எடுத்ததுன்னு நான் பாக்கல."

"என் வெரல்தான் சார். நான்தான் சார்."

"அப்படீன்னா என் எதிர்ல எடுங்க," என்றார். அருள்முருகன் சார் பக்கம் திரும்பி, "போன கொஞ்சம் வைங்க சார். கடல்ல கெடந்து வர்ற பொணத்துக்கு வெரல் ஊறிப் போயிருக்கும், மை எடுக்காது. அச்சு எடுத்துதான் பாப்போம். அச்சு எடுக்கற பசை இங்க இல்ல. மெழுகுவத்தி இருக்கா?" என்று கேட்டார்.

பிணத்துக்குச் செய்வது என்றதும் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். சின்னப்பாப்பா பீரோவின் கீழ்த்தட்டைக் குடைந்து பாதி எரிந்த மெழுகுவத்தி ஒன்றை எடுத்து வந்தாள். கரண்ட் போகும் நாளுக்கென்று வைத்திருந்ததாம். அதை ஏற்றி, காற்றாடியை நிறுத்தினாள்.

பக்கிரி என் பெருவிரலில் இருந்த மையைப் பஞ்சால் துடைத்தார். துடைத்ததிலேயே வெடிப்பு மறுபடியும் கசிந்தது. கையைத் திருப்பி மேசை மேல் வைக்கச் சொன்னார்.

"புண்ணு இருக்கு. சுடும்."

"காலைல ஒரு தடவை சுட்டுதுங்க. ஊத்துங்க சார்."

ஊற்றினார். கோவிலில் சுட்டது தெரியாமல் சுட்டது, இது தெரிந்தே சுட்டது. பச்சைத்தோலில் மெழுகு விழுந்து, வெடிப்புக்குள் இறங்கி, முழங்கை வரைக்கும் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எட்டு நாள் ரசம் படாமல், தண்ணீர் படாமல், குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்த விரல். இறுகியதும் அவர் ஓரத்தில் ஊசியைக் கொடுத்து நெம்பினார். நடுவில் உடைந்து இரண்டாக வந்தது.

அருள்முருகன் சார் பெருமூச்சு விட்டார். பக்கிரி உடைந்த துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார்.

"வேணாம்னா விட்டுடலாம்மா."

"விட்டா நான் யாருன்னு எழுதுவீங்க?" என்றேன். "இன்னும் கொஞ்சம் கனமா ஊத்துங்க. மெல்லிசா ஊத்தினா உடையும்."

இந்தத் தடவை அவர் நிறுத்தி நிறுத்திச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு சொட்டுக்கும் என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. சின்னப்பாப்பா பக்கத்தில் வந்து நின்று, என் விரல் மேல் குனிந்து, உஃப் உஃப் என்று ஊதினாள். ஊதக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. துடைப்பத்தைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். அவையும் என்னுடையவை மாதிரியே இருந்தன.

மெழுகு முழுசாகக் கழன்று வந்தது. பக்கிரி அதன் மேல் கறுப்புப் பொடியைத் தூவி, தூரிகையால் தட்டி, லென்ஸுக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் பரீட்சை அன்றைக்கு நான் மை ஒற்றிய வருகைத்தாளை வைத்தார். ஒரு ஊசி முனையால் இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு என்று எண்ண ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது. ஓரிடத்தில் நின்றார். திரும்பப் போனார். முதலிலிருந்து எண்ணினார். என் மகனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில்கூட நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"சார், இங்க பாருங்க," என்று அருள்முருகன் சாரை அழைத்தார். "ஒரு கோடு ரெண்டாப் பிரியுது. இதுலயும் பிரியுது. இது முடிஞ்சி நிக்குது, இதுலயும் அதே எடத்துல நிக்குது. அச்சுல மேடு பள்ளமாத் தெரியும், பள்ளம் மேடாத் தெரியும், அவ்ளோதான். பன்னெண்டு எடம் எண்ணிட்டேன். வெடிப்பு குறுக்கால போவுது, அது ரேகைய அழிக்கல."

அருள்முருகன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இவங்கதான்," என்றார் பக்கிரி.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் மளமளவென்று வந்தது. எட்டு நாளாக நான் சொன்னதை இப்போது அவர் ஒரே வார்த்தையில் சொன்னார், எல்லாரும் நம்பினார்கள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சத்தத்துக்குப் பதிலாக அழுகை வந்தது. அருள்முருகன் சார் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். மெஷினைத் துடைக்கச் சொல்லவில்லை.

பக்கிரி காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார்கள். பேனா விரலில் நிற்கவில்லை. சின்னப்பாப்பா காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கைப்பையைத் திறந்து, சுலோசனாக்கா கொடுத்த குங்கிலிய வெண்ணெய் டப்பாவை நானே அவள் கையில் வைத்தேன். அவளுக்கு எதற்கென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே கிளாட்வின் டெம்போவில் சாயாமல் நேராக நின்றுகொண்டிருந்தார். நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவதையும், விரல் சிவந்திருப்பதையும் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னாச்சி? என்ன சொன்னாங்க? யாருன்னு எழுதினாங்க?"

வேப்பமரத்தடியில் நின்று மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"நான்தானாம்," என்றேன்.